கட்டளைகளும் வேற்றுமை உருபும்: கணினி செய்யும் மொழிபெயர்ப்பு



ஒவ்வொரு நுண்செயலிக்கும் தனக்குரிய கட்டளைத் தொகுதி உண்டு. அதுவே அதன் மொழி. ஒரு நுண்செயலிக்காக உருவான நிரலை வேறுவகை நுண்செயலியில் இயக்க வேண்டுமாயின், அதனை மொழிபெயர்த்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளை இன்டெல் நுண்செயலிகளிலிருந்து, ஆர்ம் கட்டளைத் தொகுதியில் அமைந்த எம்1 நுண்செயலிக்கு மாற்றத் தொடங்கியது. பழைய நிரல்களைப் புதிய மொழியில் பெயர்த்துத் தரும் பணியை ரொசெட்டா 2 என்னும் மென்பொருள் ஏற்றது.

ஒவ்வொரு கட்டளையையும் பிழையின்றிப் பெயர்த்துவிட்டால் நிரலும் பிழையின்றி இயங்குமா? இயங்காமற் போகலாம். அதற்கான காரணத்தை நம் இலக்கணம் கொண்டே விளக்கலாம்.

'பூனை எலியைத் துரத்தியது' என்றாலும் 'எலியைப் பூனை துரத்தியது' என்றாலும் பொருள் ஒன்றே. துரத்தப்பட்டது எது என்பதை 'ஐ' உருபு காட்டிவிடுகிறது. மலாய் மொழியில் அவ்வுருபு இல்லை. சொற்கள் நிற்கும் வரிசையே அப்பொருளைத் தருகிறது. ஆகவே மலாய் வாக்கியத்தைத் தமிழாக்கும்போது, மூலத்தில் இல்லாத உருபை நாம் சேர்க்கிறோம். சேர்க்காவிடின் 'பூனை எலி துரத்தியது' என்றாகும். ஒவ்வொரு சொல்லும் சரியே. எது எதனைத் துரத்தியது என்பதுதான் ஐயம்.

இன்டெல் நிரலின் நிலையும் இத்தகையதே. நுண்செயலிக்குள் 'கோர்' எனப்படும் கணிப்புப் பகுதிகள் பல உள்ளன. ஒரு கோர் விடையை நினைவகத்தில் எழுதிவிட்டு, அதன்பின் 'விடை ஆயத்தம்' என்னும் அடையாளத்தை எழுதுகிறது. மற்றொரு கோர் அடையாளத்தைக் கண்டபின் விடையை எடுத்துக்கொள்கிறது. இன்டெல் முறையில், முதலில் எழுதியதே மற்றவற்றுக்கும் முதலில் தெரியும். இவ்வரிசையைக் காக்குமாறு நிரலில் தனியே எழுத வேண்டியதில்லை. ஆர்ம் முறையிலோ, விரைவு கருதி இவ்வரிசை மாறித் தெரிய இடமுண்டு. அவ்வாறு மாறினால், அடையாளத்தைக் கண்ட கோர் பழைய விடையை எடுத்துச் செல்லும். இப்பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். ஆயிரம் முறை சோதித்தாலும் அகப்படாமல் இருந்து, பயனரின் கணக்கைப் பிழையாக்கலாம்.

இதற்குத் தீர்வு இரண்டு. வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளைகளை இடையிடையே சேர்ப்பது ஒன்று. இவை வேற்றுமை உருபு போன்றவை. ஆனால், வரிசை எவ்விடத்தில் இன்றியமையாதது என்பதை மென்பொருள் கண்டறிதல் அரிது. எல்லா இடத்திலும் சேர்த்தால் வேகம் குன்றும். ஆப்பிள் மற்றொரு வழியை மேற்கொண்டது. பெயர்க்கப்பட்ட நிரல் இயங்கும்போது இன்டெல்லின் வரிசை ஒழுங்கையே பின்பற்றும் வசதியை நுண்செயலிக்குள் அமைத்தது.

மூலம் வெளிப்படையாகச் சொன்னதைப் பெயர்த்தல் மொழிபெயர்ப்பாளரின் பாதிக் கடமையே. மூலமொழி தன் அமைப்பாலேயே உணர்த்தியதையும் கண்டறிந்து காத்தல் மறுபாதி. ஆசிரியர்களே, மாணவரின் மொழிபெயர்ப்பைத் திருத்தும்போது சொற்களைச் சரிபார்த்தபின், அவற்றின் வரிசை முன்பு என்ன உணர்த்தியது என்றும் ஒருமுறை கேளுங்கள்.