ஜாமீனுக்கு ஆளில்லாதவன் குற்றவாளியா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஜெயிலைப் பற்றியதாகும். ஜெயில் என்றவுடனே, "திருடனையும் கொலைகாரனையும் பற்றி நமக்கென்ன கவலை?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுகின்றவர்கள் தயவு செய்து எழுந்து போய்விடாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு தங்கள் புத்திக்குச் சரியென்று பட்டபடி முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக யாரும் எதையும் நம்ப வேண்டியதில்லை.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லுகின்றோம். உத்தராகண்டத்தில் ஹல்த்வானி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய ஜெயில். வடநாட்டு ஜோசியர்கள் சிலர் ஜாதகத்தைப் பார்த்து, "உனக்குப் பந்தன யோகம் இருக்கின்றது, ஜெயில் வாசம் தப்பாது, ஆனால் ஒரே ஒரு ராத்திரி நீயாகவே ஜெயிலில் படுத்து ஜெயில் சோற்றைத் தின்றுவிட்டு வந்தால் தோஷம் கழிந்துவிடும்" என்று சொல்லி வந்தார்கள். இப்படிப்பட்டவர்களை ராத்திரிக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த ஜெயிலின் ஒரு பக்கத்தில் தங்கவைக்க ஏற்பாடு ஆவதாக 2022-ம் வருஷம் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதே வருஷக் கடைசியில் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, அதே உத்தராகண்டத்து ஜெயில்களில் 100 பேருக்குள்ள இடத்தில் 180 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். கிரகத்துக்குப் பரிகாரம் தேடிப் போகின்ற பணக்காரனுக்கு ஜெயிலில் இடம் உண்டு. உள்ளே கிடக்கின்ற ஏழைக்குக் காலை நீட்டிப் படுக்க இடமில்லை.

நிற்க, இது ஓர் ஊர்ச் சங்கதி மாத்திரம் அல்ல. தேச முழுவதுக்குமான கணக்கைப் பாருங்கள். 2022-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியில் இந்திய ஜெயில்களில் 4,36,266 பேருக்கு இடம் இருந்தது. உள்ளே இருந்தவர்களோ 5,73,220 பேர். அதாவது 100-க்கு 131 பேர். இவ்வளவு பேரும் குற்றவாளிகளா என்றால், அதுதான் இல்லை. இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். 100-க்கு 75 பேருக்கு மேல், எந்தக் கோர்ட்டும் இன்னமும் குற்றவாளி என்று சொல்லாதவர்கள்! குற்றம் ருசுவாகின்ற வரையில் எவனும் நிரபராதி என்பதுதானே சட்டம்? அந்தச் சட்டப்படிக்கு நிரபராதிகளாயிருக்கின்ற இவர்களைக்கொண்டே நம் ஜெயில்களிலுள்ள இடம் அநேகமாக நிரம்பிவிடுகின்றது. தண்டனையடைந்தவன் வந்தால் இவன் தலைமாட்டிலோ கால்மாட்டிலோதான் படுத்தாக வேண்டும்.

ஜெயிலில் கூட்டம் அதிகம் என்றால், "குற்றம் பெருகிவிட்டது, கலி முற்றிவிட்டது, புதிது புதிதாக ஜெயில் கட்ட வேண்டும்" என்று சொல்லுகின்ற பெரிய மனிதர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுகின்றோம். இடத்துக்கு மிஞ்சி இருந்தவர்கள் 1,36,954 பேர். இது விசாரணைக் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, விசாரணைக் கைதிகளில் மூன்று பேருக்கு ஒருவரை வீட்டிலிருந்தபடியே வழக்குக்கு வரச் சொல்லியிருந்தால், ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காமலே அவ்வளவு நெருக்கடியும் தீர்ந்து போயிருக்கும். கலியுகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அப்படியானால் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கின்றது. நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகின்றோம். நமக்குத் தெரிந்த ஒரு சுமை தூக்கும் தொழிலாளியை, பம்புசெட் மோட்டார் திருடினான் என்று சொல்லிப் பிடித்து ரிமாண்டு செய்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கோர்ட்டில் ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது. ஆனால் அவன் வெளியே வந்தது இரண்டரை மாதம் கழித்துத்தான். ஏனென்றால், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அவர்கள் தங்கள் பேரிலேயே வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். கிராம நிர்வாக அதிகாரியிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வர வேண்டும். அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லாம் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள். புறம்போக்கு வீட்டுக்கு வரி ரசீது ஏது? நாம் நிற்கின்றோம் என்று போனோம். நம் வீடு செத்துப்போன தகப்பனார் பேரில் இருக்கின்றதென்று தள்ளிவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் ஓர் ஆசாமி நம்மைக் கைதட்டிக் கூப்பிட்டு, "இரண்டாயிரம் கொடுங்கள், நான் நிற்கின்றேன், ரசீது எல்லாம் தயார்" என்றான். கைதியின் பேர்கூட அவனுக்குத் தெரியாது! வருஷக்கணக்காய்ப் பழகிய நம்மை நம்பாத சட்டம், கூலிக்கு ஜாமீன் நிற்கின்றவனுடைய ரசீதை நம்புகின்றது. அதற்குள் அந்தத் தொழிலாளியின் பெண்சாதி மூக்குத்தியை அடகு வைத்தாள். பெரிய பையன் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சூளைக்குப் போனான். வயதான தாயார், "ஏழரைச் சனி, என்ன செய்வது?" என்று சொல்லித் திருநள்ளாற்றுக்கு முடிந்து வைத்தாள். ஒன்றரை வருஷம் கழித்து, சாட்சியில்லையென்று அவனை விடுதலை செய்தார்கள். அந்த இரண்டரை மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? சனியா?

இந்த ஜாமீன் பித்தலாட்டம் இன்று நேற்று வந்ததல்ல. 1978-ம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட்டு பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டுமென்றார். கொத்தனாரின் சகோதரர் நிற்க வந்தால், "உன் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கின்றது, செல்லாது" என்று தள்ளினார். கொத்தனார் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனிலேயே விடச் சொன்னார். எத்தனை கொத்தனார்கள் இரண்டு தடவை டில்லிக்குப் போக முடியும் என்று கேட்கின்றோம்.

அடுத்த வருஷம், 1979-ல், பீகார் ஜெயில்களின் யோக்கியதை வெளிவந்தது. விசாரணை ஆரம்பமாகாமலே ஐந்து வருஷம், ஏழு வருஷம், அதற்கும் மேலாக உள்ளே கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரைகள் வந்தன. அதைப் படித்த கபிலா ஹிங்கோராணி என்கின்ற அம்மையார் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்பது அதுதான். அங்கே தெரிந்தது என்னவென்றால், குற்றம் ருசுவாகியிருந்தாலும் எவ்வளவு காலம் தண்டனை கிடைத்திருக்குமோ அதைவிட அதிக காலம் வெறுமனே கிடந்தவர்கள் பலர். இன்னும் கேளுங்கள்: எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்கள், குற்றத்துக்கு ஆளானவர்களும் சாட்சிகளுமான பெண்கள், "பாதுகாப்புக்காக" என்று ஜெயிலில் வைக்கப்பட்டிருந்தார்கள்! விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கிய உரிமை என்று ஜஸ்டிஸ் பகவதி சொன்னது அந்த வழக்கில்தான். சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு எடுத்த கணக்கைத்தான் சற்று முன்பு சொன்னோம்.

சரி, உள்ளே கிடப்பவர்கள் யார்? விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாழ்த்தப்பட்டவர்கள், மலைஜாதியார், பிற்படுத்தப்பட்டவர்கள். அதே அளவுக்குப் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். எழுதப்படிக்கத் தெரியாதவனும் சொத்தில்லாதவனும்தான் குற்றம் செய்கின்றான் என்று எந்த முட்டாளாவது நம்புவானா? கோடிக் கணக்கில் பாங்கியை ஏமாற்றுகின்றவன் கையெழுத்துப் போடத் தெரியாதவனா? ஜெயிலுக்கு வெளியே நிற்க ரசீது வேண்டும். அந்த ரசீது இவர்களிடம் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஜெயிலுக்குள் போனால் எல்லோரும் ஒரே கைதி உடையில் ஒன்றாகி விடுகின்றார்கள் என்று நினைப்பீர்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். வெள்ளைக்காரன் 1840-களில் பீகார், வங்காளப் பக்கத்து ஜெயில்களில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்று வைக்கப் போனான். "ஜாதி கெட்டுவிடும்" என்று கலகம் நடந்தது. 1855-ல் பித்தளைச் செம்பை வாங்கிக்கொண்டு மண்பாத்திரம் கொடுத்ததற்காக ஆரா, முஜாபர்பூர் ஜெயில்களில் கலகம். சர்க்கார் பயந்து பின்வாங்கியது. பிறகு ஜாதி, ஜெயில் கைப்புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரன் போனான், கைப்புத்தகம் போகவில்லை. "தகுந்த ஜாதி"யைச் சேர்ந்த கைதிதான் சமைக்க வேண்டும், இன்னின்ன ஜாதியார்தான் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று மேற்கு வங்காளத்து விதி சொல்லிற்று. உத்தரப் பிரதேசத்து விதியோ, சாதாரணத் தண்டனைக் கைதிக்கு இழிவான வேலை கொடுக்கக்கூடாது, ஆனால் அப்படிப்பட்ட வேலை செய்து பழக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவனானால் கொடுக்கலாம் என்றது. பிறக்கும்போதே "பழக்கப்பட்டவன்" எவன் தோழர்களே?

சுகன்யா சாந்தா என்கின்ற பத்திரிகைக்காரப் பெண் இவைகளையெல்லாம் திரட்டி எழுதி, சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். 2024-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, இந்த விதிகள் செல்லாது, மூன்று மாதத்தில் கைப்புத்தகங்களைத் திருத்து, ஜெயில் ரிஜிஸ்தரில் ஜாதி என்கின்ற கட்டத்தையே எடுத்துவிடு என்று தீர்ப்பாயிற்று. வடநாட்டுக்காரன்தான் இப்படி என்று நாம் மீசையை முறுக்கிக் கொள்ள வேண்டாம். நமது பாளையங்கோட்டை மத்திய ஜெயிலில் ஜாதிக்கு ஒரு பக்கமாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததைப் பற்றிச் சென்னை ஐகோர்ட்டில் முன்னமே வழக்கு வந்தது. "சண்டை வராமலிருப்பதற்காக" என்ற சமாதானத்தை ஐகோர்ட்டு ஒப்புக்கொண்டது. 2024 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை வருமென்றால் சண்டை போடுகின்றவனைப் பிரித்து வைப்பதா, ஜாதியைப் பிரித்து வைப்பதா? தெருவில் சேரியைப் பிரித்தவனும் இதே சமாதானத்தைத்தான் சொன்னான்.

தமிழ்நாட்டு ஜெயில்களில் மொத்தக் கணக்கில் வடநாட்டளவு நெருக்கடி இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இடம் இருந்தால் போதாது. 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த தகப்பனும் மகனும் பிடிக்கப்பட்டு, ரிமாண்டு ஆகி, கோவில்பட்டி கிளை ஜெயிலுக்குப் போய், அடுத்தடுத்து இரண்டு நாளில் செத்துப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டுமென்று அரசியல் சட்டம் 22-வது பிரிவில் சொல்லுவது எதற்காக? ஆளை நிறுத்தி முகத்தைப் பார்த்து, "அடித்தார்களா?" என்று கேட்பதற்காகத்தான். காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு மாத்திரமானால் அதற்கு ரப்பர் ஸ்டாம்பே போதும்.

"அப்படியானால் எல்லோரையும் அவிழ்த்துவிடச் சொல்லுகின்றாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. சாட்சியைக் கலைப்பான், மறுபடியும் கத்தி எடுப்பான் என்பதற்கு ஆதாரமிருந்தால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ரசீது இல்லை என்பதற்காக ஒருவனை வைக்காதே என்றுதான் சொல்லுகின்றோம். தண்டனை அடைந்தவனுக்குங்கூடச் சட்டம் விதித்தது அவன் சுதந்திரத்தைப் பறிப்பது மாத்திரமே. சொறியும், எலும்புருக்கியும், முறை வைத்துத் தூங்குவதும் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

இப்பொழுது சட்டத்தில் இருப்பதைச் சொல்லுகின்றோம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் தேதியில் அமுலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 479-வது பிரிவு என்று ஒன்று இருக்கின்றது. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை அடையாதவன், தன் மேலுள்ள குற்றத்துக்கு அதிகப்படி எவ்வளவு தண்டனையோ அதில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அவனை விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமானாலும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் இது பொருந்தாது. சாதாரணத் திருட்டுக்கு அதிகப்படி மூன்று வருஷம். ஆகவே முதல் தடவைக்காரன் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காலம் முடிந்தவுடன் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பரிண்டெண்டெண்டின் கடமை என்றும் அதே பிரிவு சொல்லுகின்றது. பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. காவலில் இருக்கின்ற எவனுக்கும் இலவச வக்கீல் உண்டு. ஜில்லாக் கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கின்றது. ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத ஏழைக்குச் சர்க்காரே கட்டுவதற்கு 2023-ல் ஒரு திட்டமும் போட்டிருக்கின்றார்கள். கேட்காதவன் வீட்டுக் கதவைத் தட்டி எந்தச் சர்க்காரும் கொடுக்காது.

ஆகையால் இன்று கூட்டம் முடிந்தபின் யாரும் உடனே கலைந்துவிட வேண்டாம். மேடைக்கு வலப்பக்கம் மேஜை போட்டு இரண்டு தோழர்கள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கின்றார்கள். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, சேரியிலோ யாராவது விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள். அவர் பேர், எந்த ஜெயில், என்ன பிரிவு, முன்பு தண்டனை உண்டா இல்லையா, உள்ளே போன தேதி, இவ்வளவும் வேண்டும். மற்றவை தெரியாவிட்டாலும் தேதியை மட்டும் எப்படியாவது விசாரித்துக்கொண்டு வாருங்கள். மனுவை அவர்களே எழுதித் தருவார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை.