நேர்முகப் பரீட்சையும் நமது இளைஞரும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். இன்று அது நம் பெண்மக்களுக்கும் உரிய லட்சணமாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் ஆங்கிலக் கல்வியைக் கைமுதலாகக் கொண்டு கப்பலேறி, மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அமர்ந்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1875 ஆம் ஆண்டிலே போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். படிப்பு நம்மை வாயில் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பின் நடந்துகொள்வது எப்படி என்பதே இன்றைய விஷயம்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே "தெரிந்து தெளிதல்" என்ற அதிகாரத்தை ஆளைத் தேர்வோனுக்கு வைத்தார். அவை முன் நிற்போனுக்கு "அவையறிதல்", "அவையஞ்சாமை" என இரண்டை வைத்தார். அறிதல் முன்னே, அஞ்சாமை பின்னே. இந்த முறை கவனிக்கத்தக்கது. அந்தக் கந்தோர் என்ன செய்கிறது, நாம் கேட்கும் பதவிக்குரிய வேலை யாது என்று முன்னரே விசாரித்து அறிந்தவனுக்குப் பாதிப் பயம் தானாகவே போய்விடும்.

அடுத்தது பத்திரங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் நிழற் பிரதிகளையும் ஒழுங்காக அடுக்கி வையுங்கள். யுத்த காலத்து இடப்பெயர்வுகளிலே பத்திரங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். அழைப்புக் கடிதம் வந்த பின் ஓடித் திரியாமல் இன்றே விண்ணப்பியுங்கள்.

உடை ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. தோய்த்து மடித்ததாக இருந்தாற் போதும். மோட்டார் சைக்கிளில் வல்லை வெளியைக் கடப்பவர் தலைமயிர் காற்றில் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரைமணி முந்திப் போய், முகம் கழுவித் தலைவாரிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியை நிறுத்திவிடுங்கள். வணக்கம் சொல்லி, இருக்கச் சொன்ன பின் இருங்கள்.

இனி என் கதை ஒன்று. முதன்முதல் கொழும்பிலே ஒரு கந்தோருக்கு விண்ணப்பித்தபோது, "சிங்களம் நன்கு தெரியும்" என்று எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்ததோ பஸ்ஸில் இடம் விசாரிக்கும் அளவுதான். மூவர் இருந்தனர். நடுவில் இருந்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். விளங்கவில்லை, விளங்கியவன் போலத் தலையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு தமிழிலே, "தம்பி, உமக்கு எந்த ஊர் என்றல்லவா கேட்டேன்!" என்றார். கணக்கு வேலையிலே எனக்கு உண்மையான திறமை இருந்தது. அதன்பின் அதையும் அவர்கள் நம்பவில்லை. ஒரு பொய், என்னிடமிருந்த மெய்களையெல்லாம் செல்லாக் காசாக்கிவிட்டது. "கொஞ்சந்தான் தெரியும் ஐயா, படித்துக்கொள்வேன்" என்று எழுதியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன்.

ஆகவே தெரியாததைத் தெரியாது என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். மற்ற மொழியையும் படியுங்கள். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதனால் மற்ற மொழி வேண்டாம் என்று ஆகிவிடாது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சிபார்சுக் கடிதம் தேடி அலைவதை விட்டு, பிள்ளைக்குப் பயிற்சி தேடுங்கள். கந்தோர்களில் இருந்து இளைப்பாறியவர்கள் இவ்வூரில் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மூவர் இந்த மண்டபத்தில் மேசை போட்டு அமர்ந்து, நம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழக்கலாகாதா? தோற்று வரும் பிள்ளையைப் படலையிலேயே மறித்து, "கிடைத்ததோ?" என்று கேளாதீர்கள். முதலில் தேத்தண்ணீர் கொடுங்கள். பிறகு, "என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள். அடுத்த பரீட்சைக்குரிய பாடம் அந்த விடையிலே இருக்கிறது.