இளஞ்சிறார்க்கு விஞ்ஞான நெறி

(நமது சங்கத்தின் மாணவர் பரிசளிப்புக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



கற்றறிந்த பெரியோர் பலர் கூடியுள்ள இச்சபையில் பேசுதற்கு யான் தகுதியுடையேன் அல்லேன். எனினும், முப்பதாண்டுகளுக்கு மேல் சிறுவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்தவன் என்னும் ஒரே உரிமை பற்றி இங்கு நிற்கின்றேன். நம் சங்க விடுதியில் தங்கி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளுக்கென ஒரு சோதனைச்சாலை அமைக்க நிர்வாகிகள் எண்ணியிருப்பதறிந்து மகிழ்ந்தேன். அங்கே என்னென்ன கருவிகள் வாங்கி வைக்கலாம் என அன்பர் பலர் என்னைக் கேட்டனர். கருவியைப் பற்றிப் பேசுமுன், அதனைத் தொடும் கையும் அதனைப் பார்க்கும் கண்ணும் எவ்வாறு பழகவேண்டும் என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

விஞ்ஞானம் என்பது விடைகளின் தொகுதி அன்று. விடை காணும் நெறியே விஞ்ஞானம். நம் பள்ளிகள் பலவற்றில் நடப்பது யாது? ஆசிரியர் முடிவை முன்னரே கரும்பலகையில் எழுதிவிடுகின்றார். மாணவர் அதனைப் பார்த்து எழுதிக்கொண்டு, பின்னர்ப் பெயரளவில் சோதனை செய்கின்றனர். கண்ட அளவு வேறாக இருந்தால், கண்டதை விடுத்துக் கரும்பலகையில் இருப்பதையே எழுதுகின்றனர். இது சோதனையாகுமா? பொய் எழுதுவதற்கு அளிக்கும் முதற்பயிற்சியே ஆகும்.

ஓர் எளிய உதாரணம் கூறுவேன். ஒரு நூலும், ஒரு கல்லும், கைக்கடிகாரம் ஒன்றும் இருந்தாற் போதும். கல்லை நூலிற் கட்டித் தொங்கவிட்டுச் சிறிதளவு ஆட்டுங்கள். ‘கல்லின் எடையை இருமடங்காக்கினால் ஊசல் விரைந்து ஆடுமா, மெதுவாய் ஆடுமா?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெரும்பாலோர், ‘கனமான கல் விரைந்து ஆடும்’ என்பர். அது அவர்கள் ஊகம். ஊகம் தவறாயிருப்பது குற்றமன்று; அதனைச் சோதியாது நம்புவதே குற்றம்.

நூலின் நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுவரை ஒரு மீட்டராக வைத்து, சென்று மீளும் இருபது ஆட்டங்களுக்கு ஆகும் காலத்தைக் குறித்தால் ஏறக்குறைய 40 விநாடி வரும். நீளத்தை மாற்றாமல் கல்லின் எடையை மட்டும் மாற்றிப் பாருங்கள். மீண்டும் 40 விநாடியே வரும். பின்னர் எடையை மாற்றாமல் நீளத்தை மட்டும் 25 சென்டிமீட்டராகக் குறையுங்கள். இப்பொழுது 20 விநாடியாகும். நீளம் காற்பங்காகக் காலம் பாதியாயிற்று! ஆசிரியர் வாய் திறவாமலே இயற்கை விடை கூறிவிட்டது.

இதில் இரண்டு நுட்பங்கள் உள. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். எடையையும் நீளத்தையும் ஒருங்கே மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று எவராலும் கூறவியலாது. மற்றொன்று, ஓர் ஆட்டத்தை அளவாமல் இருபதை அளப்பது. கடிகாரத்தை நிறுத்துங்கால் விரல் அரை விநாடி பிந்தினால், ஓர் ஆட்டத்தில் அது பெரும்பிழை. இருபதிற் பகிர்ந்தாலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கே ஆகும்.

நம் முன்னோர் தராசு பிடித்து வாணிகம் செய்தவர்கள். ஆகவே ஒரு செய்தி உங்களுக்கு இனிக்கும். இத்தாலி தேசத்துக் கலிலியோ, சரிவான பலகையில் உருளும் குண்டின் வேகத்தை ஆராய்ந்தபோது, அவரிடம் விநாடி காட்டும் கடிகாரம் இல்லை. ஒரு பாத்திரத்தின் சிறு துளை வழியே நீரை ஒழுகவிட்டு, குண்டு உருளும் நேரத்தில் ஒழுகிய நீரைத் தராசில் நிறுத்தார். நீரின் எடையே காலத்தின் அளவாயிற்று. 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதனை விவரித்துள்ளார். காலத்தையே தராசில் நிறுத்த அறிவை என்னென்பது!

வாணிகர் குலத்துப் பிள்ளைகள் நோட்டுப்புத்தகத்தின் மரியாதையையும் அறிவர். கணக்குப் பேரேட்டில் அழித்தெழுதும் குமாஸ்தாவை எந்த முதலாளியும் நம்பார். சோதனைக் குறிப்பும் அத்தகையதே. பிழையாயின் ஒரு கோடிட்டு அடித்து, அருகே சரியானதை எழுதுக. முன்னெழுதியது படிக்கத்தக்கதாகவே இருக்கட்டும். இன்று பிழையென்று எண்ணியது நாளை உண்மையெனத் தெரியவருதலும் உண்டு.

இனி அளவையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டனார் காலத்தில் படி ஊருக்கூர் வேறுபட்டது. ஓரூர்ப் படியால் வாங்கி வேறூர்ப் படியால் விற்று இலாபங்கண்டவரும் நட்டப்பட்டவரும் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாடு மெட்ரிக் முறையை ஏற்றது. எண் மட்டும் அளவாகாது. அலகும் சேர்ந்ததே அளவு. ‘ஐந்து’ என்று எழுதும் பிள்ளையை, ‘ஐந்து மாம்பழமா, ஐந்து மைலா?’ என்று கேட்டுத் திருத்துக.

இதனைச் சிறு விஷயமென்று எண்ணற்க. 1998 டிசம்பரில் அமெரிக்க நாட்டார் செவ்வாய்க் கிரகத்தை ஆராய ஒரு விண்கலம் அனுப்பினர். அதன் உந்துவிசையை ஒரு சாரார் பவுண்டுக் கணக்கிலே தந்தனர். மற்றொரு சாரார் அது நியூட்டன் கணக்கென்று கொண்டனர். ஒன்று மற்றொன்றைப்போல் ஏறக்குறைய நாலரை மடங்கு. 1999 செப்டம்பரில் அக்கலம் செவ்வாயை வரம்பு மீறி நெருங்கி அழிந்தொழிந்தது. மாபெரும் விஞ்ஞானிகளும், ஆறாம் வகுப்பில் நாம் திருத்தும் பிழையால் தோற்றனர்!

அளவு காணும் முறையையும் பழக்குக. அளவுக் குழாயில் உள்ள நீரின் மேற்பரப்பு ஓரங்களில் உயர்ந்து நடுவில் குழிந்திருக்கும். கண்ணை அம்மட்டத்திற்குத் தாழ்த்திக் குழிவின் அடியைப் பார்த்துப் படித்தல் வேண்டும். மேலிருந்து பார்ப்பவனுக்கு ஓர் அளவு, கீழிருந்து பார்ப்பவனுக்கு வேறோர் அளவு தோன்றும். அடிக்கோலின் முனை தேய்ந்திருந்தால், ஒன்றாம் கோட்டிலிருந்து அளந்து, பின் ஒன்றைக் கழித்துக்கொள்க.

அன்பர்களே, இதுகாறும் கூறியவற்றினும் முக்கியமான ஒன்றை இனிக் கூறவேண்டும். கூற என் நா கூசுகின்றது. ஆயினும் என் பிழை பிறர்க்குப் பாடமாகட்டும்.

யான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த இரண்டாம் ஆண்டு. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், ‘கந்தகத் திராவகத்தில் சிறிது நீர் கலந்து வை, தம்பி’ என்று கூறிவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பினேன். எதனை எதில் ஊற்றவேண்டுமென்று கூறினேனல்லேன். நான் சொன்ன சொற்படியே அவன் திராவகத்தின்மேல் நீரை ஊற்றினான். அவ்விரண்டும் கலக்கும்போது கடுவெப்பம் பிறக்கும். திராவகத்தினும் இலேசான நீர் மேலே நின்று அக்கணமே கொதித்துத் தெறிக்கும். தெறித்தது அவன் கண்ணில் விழுந்தது. அறையிலிருந்த குழாயில் நீர் வரவில்லை. கிணற்றடிக்கு ஓடி நீர் கொணர்வதற்குள் அருமையான நிமிஷங்கள் கழிந்தன. ஒரு கண்ணின் பார்வை போயிற்று.

மருத்துவசாலைக்கு வந்த அவன் தாயார் என்னைப் பார்த்து, “வாத்தியார் ஐயா, தண்ணீர் ஊற்றினால்கூடவா பிள்ளைக்குக் கண் போகும்?” என்று கேட்டார். அதற்கு நான் அன்று விடை கூறவில்லை. ‘போகும் அம்மா, அதனை முன்னரே சொல்லாமற்போன ஆசிரியனால் போகும்’ என்பதே விடை. அத்தாய்க்குச் சொல்லாத விடையை இன்று இச்சபைக்குச் சொல்லுகின்றேன்.

அன்று முதல் என் வகுப்பின் முதற்பாடம் பாதுகாப்பே ஆயிற்று. திராவகத்தையே நீரில், சிறிது சிறிதாகக் கலக்கியவண்ணம் ஊற்றவேண்டும். நீரைத் திராவகத்தில் ஊற்றலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் எவரும் மேசையண்டை நிற்கலாகாது. எப்பொருளையும் சுவைத்துப் பார்த்தல் கூடாது. முகரவேண்டின் கையால் காற்றைத் தன்பால் வீசி முகர்க. சூடேற்றும் சோதனைக்குழாயின் வாய் எவர் முகத்தையும் நோக்கியிருத்தல் ஆகாது. சூடான கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றேயாம் என்பதை மறவற்க. பெண்மக்கள் கூந்தலை முடிந்து, மேலாடையைச் செருகிக்கொள்க. கண்ணில் ஏதேனும் தெறித்தால், அக்கணமே ஓடும் நீரில் கால்மணி நேரமேனும் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்க. ஆசிரியரில்லாத நேரத்தில் அறை பூட்டியே இருக்கட்டும்.

ஆதலின் நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம் இதுவே. விலையுயர்ந்த பூதக்கண்ணாடிக் கருவிகளைப் பின்னர் வாங்குக. முதலில் தடையின்றி நீர் வரும் குழாயொன்று, பிள்ளைக்கு ஒன்றாகக் கண்காப்புகள், மணல் நிறைந்த வாளிகள், நல்ல தராசு ஒன்று, அளவுக்குழாய்கள், கடிகாரம், நூல், இவற்றை வாங்குக. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் அவ்வறையில் சம உரிமை அளியுங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல் குடிமக்கள் ஒவ்வொருவருடைய கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் அரசியல் சட்டமே கூறுகின்றது. அக்கடமை நூலும் கல்லும் கொண்டு தொடங்கக்கூடியதே.

மாணவச் செல்வங்களே! கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். விடை மாறுபட்டால் அஞ்சாதீர்கள். மீண்டும் அளந்து பாருங்கள். தெரியாததைத் தெரியாதென்று கூறி, கேளுங்கள். ‘எதை எதில் ஊற்றவேண்டும், ஐயா?’ என்று அன்று அப்பிள்ளை கேட்கும் துணிவை நான் அவனுக்கு அளித்திருப்பேனாயின், அவன் இன்று இரு கண்களாலும் உலகைப் பார்ப்பான்.