ஒரே பிரிவு, இரு தீர்ப்புகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசியல் சாசனத்தில் சேர்ந்த மூன்று திருத்தங்கள், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் குடிமக்களாக்கின, அவர்களுடைய ஆண்களுக்கு வாக்குரிமையும் அளித்தன. அந்த உரிமைகளைக் காகிதத்தோடு நிறுத்திவிடத் தென்மாநிலங்களில் கிளம்பிய கூட்டங்களில் பெரியது கு க்ளக்ஸ் க்ளான். வாக்களித்தவரையும் பள்ளி நடத்தியவரையும் நிலம் வாங்கியவரையும் இரவில் முகமூடியோடு தேடிவந்து அடித்தார்கள், தூக்கிலிட்டார்கள். இதை ஒடுக்க அமெரிக்க காங்கிரஸ் 1870இலும் 1871இலும் மூன்று சட்டங்களை இயற்றியது. சட்டத்தால் மனிதரின் வெறுப்பை மாற்ற முடியாது என்பதற்கு இவற்றையே சான்றாகக் காட்டுவது வழக்கம். அந்த முடிவு தவறு என்பதே என் வாதம். சட்டம் செயல்பட்ட இடத்தில் பயங்கரம் அடங்கியது. பிறகு அந்தச் சட்டத்தைச் செயலற்றதாக்கினார்கள்.

சான்று தென் கரோலினாவின் யார்க் கவுண்டியில் இருக்கிறது. 1871 மார்ச்சில் அங்கே கறுப்பினப் படைத்தலைவர் ஜிம் வில்லியம்ஸைக் க்ளான் கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. அதே மாதம் மேஜர் லூயிஸ் மெரில் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். பெயர், நாள், சாட்சி என்று மாதக்கணக்கில் ஆதாரம் திரட்டினார். ஆனால் உள்ளூர் நீதிமன்றம் ஒருவரையும் தண்டிக்க முன்வரவில்லை. ஜூரியிலேயே க்ளானின் ஆட்கள் இருக்கும்போது வேறென்ன நடக்கும்? படை மட்டும் போதாது என்பதற்கு அந்த மாதங்களே சாட்சி. அக்டோபரில் அதிபர் கிராண்ட், அந்த மூன்றில் கடைசியான 1871 சட்டம் தந்த அதிகாரத்தால், விசாரணையின்றிச் சிறைவைப்பதைத் தடுக்கும் ஆட்கொணர்வு உரிமையை ஒன்பது கவுண்டிகளில் நிறுத்திவைத்தார். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், மேலும் பலர் தாமாகவே சரணடைந்தனர். நவம்பரில் கொலம்பியா நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், கறுப்பினத்தவரும் அமர்ந்த ஜூரியின் முன் வழக்குகள் தொடங்கின. இவற்றின் பின்னால் நின்றவர் அட்டர்னி ஜெனரல் ஏமோஸ் ஏக்கர்மன். முன்பு அடிமைகளை வைத்திருந்தவர், தென்பகுதிப் படையில் பணியாற்றியவர். அவர்தான் 1870இல் உருவான நீதித்துறையை இந்தப் பணிக்குத் திருப்பினார். அவர் 1871 டிசம்பரிலேயே பதவி விலக நேர்ந்தது பெரும் இழப்பு. ஆயினும் க்ளான் முறிந்தது. 1872 தேர்தல், அந்தக் காலத்துத் தென்மாநிலத் தேர்தல்களில் மிக அமைதியானதாக நடந்தது. வெறுப்பு ஓராண்டில் கரைந்துவிடவில்லை. தண்டனை கிடைக்கும் என்ற அச்சம் வந்திருந்தது.

கொலையை விசாரிப்பது மாநிலத்தின் வேலை, மத்திய அரசு அதில் கைவைத்தால் கூட்டாட்சியே குலையும் என்று அன்றே மறுப்பு எழுந்தது. சொன்னவர்கள் எல்லாரும் க்ளானின் நண்பர்கள் அல்லர், லைமன் ட்ரம்புல், கார்ல் ஷுர்ஸ் போன்ற குடியரசுக் கட்சி செனட்டர்களும் அவர்களில் உண்டு. ஆகவே இதைப் பொருட்படுத்தியே பதில் சொல்ல வேண்டும். மாநிலம் காக்க மறுத்தால் அந்தக் குடிமகன் யாரிடம் போவான்? அடிமையாகப் பிறந்து காங்கிரஸ் உறுப்பினரான ஜோசப் ரெய்னி அந்த 1871 சட்டத்துக்காக அவையில் பேசினார். அந்த மூன்று திருத்தங்களில் ஒன்றான 14ஆவது திருத்தத்தின் ஐந்தாம் பிரிவு, அதைச் செயல்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கே தருகிறது. ஆட்கொணர்வை நிறுத்தியதில் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அந்த அதிகாரத்துக்குச் சட்டமே காலவரம்பு வைத்தது. 1872இல் அது காலாவதியானது.

சட்டத்தைச் செயலற்றதாக்கும் வேலை நீதிமன்றத்தில் தொடங்கியது. 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் படை பல பத்துக் கறுப்பினத்தவரைக் கொன்றது. அவர்களில் பலர் சரணடைந்த பிறகே கொல்லப்பட்டார்கள். 97 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது, தண்டனைத் தீர்ப்பு வந்ததோ மூவர்மீது மட்டும். 1870 சட்டத்தின் ஆறாம் பிரிவு, குடிமகனின் உரிமையைப் பறிக்கச் சதி செய்வதைக் குற்றமாக்கியது. அதன் கீழ் வந்த அத்தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 1876இல் குரூக்‌ஷாங்க் வழக்கில் தள்ளிவிட்டது. 14ஆவது திருத்தம் மாநில அரசையே கட்டுப்படுத்தும், தனி மனிதரை அல்ல என்றது. கொலையாளிகள் வீடு திரும்பினார்கள். 1883இல் ஹாரிஸ் வழக்கில் 1871 சட்டத்தின் முக்கியப் பகுதியும் வீழ்ந்தது. 1894இல் வாக்குரிமைப் பாதுகாப்பின் பெரும்பகுதியைக் காங்கிரஸே நீக்கியது. 1922இல் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றிய டையர் மசோதா, கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்க வந்தது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே அதை முடக்கினார்கள்.

ஆனால் 1870 சட்டத்தின் அந்த ஆறாம் பிரிவு கூட்டாட்சிக் குற்றச்சட்டத்தொகுப்பில் 241ஆவது பிரிவாக எஞ்சியது. 1964இல் மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டியில் சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று உரிமைப் போராளிகள் கொல்லப்பட்டார்கள். கொலை வழக்குப் போட மாநிலம் முன்வரவில்லை. மத்திய அரசு 241ஆவது பிரிவில் வழக்குத் தொடுத்தது. சதியில் துணை ஷெரிஃபும் இருந்ததால் மாநிலத்தின் கை அதில் வெளிப்படையாகவே தெரிந்தது. 14ஆவது திருத்தம் தரும் உரிமைகளையும் இந்தப் பிரிவு காக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1966இல் ஏற்றது. சட்டத்தின் சொற்களில் பெரிய மாற்றமில்லை, அவற்றைப் படித்த நீதிபதிகள் மாறியிருந்தார்கள். 1967 அக்டோபரில் அந்தத் துணை ஷெரிஃப் உட்பட ஏழு பேரை மிசிசிப்பியின் ஜூரி ஒன்று குற்றவாளிகள் என்றது.