குட்டி யானையில் ஊர்வலம் வேண்டாம்

ஆடி மாதம் வந்தால் அரியாங்குப்பம் வழியே வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்குக் கூட்டம் திரளும். ஒரு குடும்பமே குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டியின் பின்தட்டில் நின்றபடி வரும். பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

மூட்டைகளுக்காகச் செய்த தட்டு அது. இருக்கை இல்லை, பெல்ட் இல்லை, மேலே கூரையும் இல்லை. ஆட்கள் நின்றால் வண்டியின் பாரம் மேலே ஏறிவிடும். வேகமாகத் திரும்பும்போது எளிதில் கவிழும்.

பலருக்குத் தெரியாதது காப்பீட்டு விஷயம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர் இறந்தால், வண்டியின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு போனால் மட்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது. மற்றவர்களுக்கான பொறுப்பு வண்டி உரிமையாளரின் தலையில்தான் விழும். ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவர் லட்சங்களுக்கு எங்கே போவார்? பறிகொடுத்த குடும்பத்துக்கும் கைக்கு எதுவும் வராமல் போகலாம்.

கூலி வேலைக்கு ஆளனுப்பும் மேஸ்திரிகளே, திருவிழாவுக்குக் கிளம்பும் பெரியவர்களே, பஸ்ஸிலோ வேனிலோ அனுப்புங்கள். குழந்தைகளைப் பின்தட்டில் ஏற்றாதீர்கள்.