யந்திரம் ஏன் வேகம் குன்றுகிறது?

பதுளையிலிருந்து பார்த்தால் கடல் நெடுந்தூரம். ஆயினும், திருகோணமலையில் மீன்பிடி வள்ளத்தை உந்தும் டீசல் யந்திரத்துக்கும், ஊவாத் தோட்டத்து ஸ்டோரில் மின்சாரம் பிறப்பிக்கும் டீசல் யந்திரத்துக்கும் வருகின்ற நோய் ஒன்றே. யந்திரம் தொடங்குகிறது, ஓடவும் ஓடுகிறது, எட்ட வேண்டிய உச்ச வேகத்தை மட்டும் எட்டுவதில்லை.

2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் நின்றால் ஸ்டோருக்கு டீசல் யந்திரமே கதி. ஊவாவின் மலைத்தோட்டம் ஒன்றில் ஆகஸ்ட் மாதத்து இரவொன்றை எண்ணிப் பாருங்கள். கச்சான் வறண்டு வீசும் காலம். ஆண்டிலேயே மணம் மிகுந்த தேயிலை கிடைக்கும் காலமும் அதுவே. மின்சாரம் நிற்கிறது, யந்திரம் பாரத்தை ஏற்கிறது. அரைமணி நேரம் சென்றபின், மின்பலகையில் 50ஐக் காட்ட வேண்டிய ஊசி 45க்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு 1500 முறை சுழல வேண்டிய யந்திரம் 1350 முறைதான் சுழல்கிறது என்பது அதன் பொருள். உருளைகள் தளர்கின்றன, உலர்த்தியின் விசிறி சோர்கிறது. உருட்டிய கொழுந்தோ யாருக்காகவும் காத்திராது. நேரம் கடந்தால் நிறமும் மணமும் கெடும். அன்று பகல் முழுவதும் வெயிலில் நின்று பறித்த பெண்களின் உழைப்பும் அதனோடு போகும்.

“நேற்று முழுப் பாரத்தையும் இழுத்தது, ஐயா” என்கிறான் யந்திரம் பார்க்கும் இளைஞன். டீமேக்கர் நம்புவதாக இல்லை. “பம்பைக் கழற்று, கொழும்புக்கு அனுப்பலாம்” என்கிறார் ஒருவர். வேகக் கட்டுப்படுத்தியின் ஈய முத்திரையை உடைத்துத் திருகாணியை முறுக்கச் சொல்கிறார் மற்றொருவர். இரண்டாவது யோசனை ஆபத்தானது. காற்றுப் போதாத யந்திரத்துக்கு மேலும் எண்ணெய் ஊட்டினால் கரும்புகையும் சூடும் மிகுமேயன்றி வலு மிகாது.

முதலில் பாரத்தை நீக்கிப் பார்க்க வேண்டும். வள்ளக்காரர் கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து செய்யும் சோதனையும் இதுதான். பாரமின்றியும் வேகம் ஏறாவிடின், நெம்புகோல் முழுத் தூரமும் நகர்கிறதா, இணைப்புக் கம்பி தளர்ந்துள்ளதா என நோக்குக. பாரமின்றி 1500ஐ எட்டி, பாரம் ஏற்றியதும் விழுமாயின், குறை காற்றிலோ எண்ணெயிலோ இருக்கலாம். பாரமே மிகுதியாகவும் இருக்கலாம். வள்ளமாயின் சுழல்விசிறியில் அறுந்த வலை சுற்றியிருக்கும்.

அடுத்து, புகையைப் பார்க்க வேண்டும். கறுத்த புகை, எண்ணெய்க்கேற்ற காற்று இல்லை என்றோ, பாரம் மிகுதி என்றோ சொல்லும். கச்சான் கிளப்பும் புழுதியும், ஸ்டோருக்குள் பறக்கும் தேயிலைப் பஞ்சும் சேர்ந்து காற்று வடிகட்டியைக் கம்பளம்போல மூடிவிடுவது எளிது. மலையின் மெல்லிய காற்றைக் குறை கூறுவாரும் உளர். அது பொய்யன்று. தானே காற்றை இழுக்கும் யந்திரம், ஹப்புத்தளை உயரத்தில் கடலோரத்து வலுவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை இழக்கும். ஆனால் நேற்றும் மலை இதே உயரந்தானே!

புகையே இன்றி யந்திரம் சோருமாயின், எண்ணெய் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் பீப்பாய்களில் சேர்த்துவைத்த டீசலின் அடியில் நீர் தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்குமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வழுவழுப்பான கசடு உண்டாகும். அது வடிகட்டியை அடைத்துவிடும்.

இவ்விரவில் புகைபோக்கி தெளிவாகவே இருக்கிறது. இளைஞன் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து பார்க்கிறான், நீர் இல்லை. அரைமணி நேரம் நன்றாக ஓடிப் பின்னரே சோர்ந்தது என்பது அவன் நினைவுக்கு வருகிறது. எண்ணெய்த் தாங்கியின் மூடியை மெல்லத் தளர்த்துகிறான். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்கிறது. மூடியிலுள்ள சிறு துவாரத்தில் குளவி மண் வைத்துக் கட்டியிருக்கிறது. எண்ணெய் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று இல்லாமையால், தாங்கியே எண்ணெயை விடாது பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு கம்பித் துண்டால் அவன் மண்ணைக் குத்தி எடுக்கிறான். ஊசி 47, 48 என ஏறி 50இல் நிற்கிறது. டீமேக்கர் ஒன்றும் பேசாமல் உருளைகளின் பக்கம் விரைகிறார்.