பதவியைத் துறந்தவர் ஏற்ற பதவி



சில நாள்களுக்கு முன்னர் ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். பட்டப் படிப்பை முடித்து, ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் கேட்டார்: “ஐயா, அரசியலில் நல்லவனுக்கு இடமில்லை என்கிறார்கள். அரசாங்க வேலையிலோ மனச்சான்றுக்கு இடமில்லை என்கிறார்கள். அப்படியானால், ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்று நினைப்பவன் எங்கேதான் போவது?”

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. இன்று எத்தனையோ இளைஞர் உள்ளத்தில் எழுவது. உடனே விடை கூற எனக்குத் துணிவு வரவில்லை. அவரை அழைத்துக்கொண்டு எல்ஜின் சாலைக்குச் சென்றேன். நேதாஜி பவன் என இப்பொழுது வழங்கப்பெறும் வீடு அங்கேதான் இருக்கிறது. 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் மாறுவேடம் பூண்டு, காவலரின் கண்ணில் படாமல் வெளியேறியது அவ்வீட்டிலிருந்துதான். அக்கதையை அறியாதார் இல்லை. ஆனால், நான் அவ்விளைஞருக்குச் சொல்ல விரும்பியது அதற்கு இருபது ஆண்டுகள் முற்பட்ட கதை. அப்பொழுது சுபாஷ் நேதாஜி அல்லர். எந்த வழியில் செல்வது என்று கலங்கி நின்ற ஒரு மாணவர்.

1916-இல் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டி, அவர் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து, 1919-இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். தந்தையார் ஜானகிநாத் போஸ் மகனை ஐ.சி.எஸ். தேர்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். படிப்பதற்குக் கிடைத்த காலம் எட்டுத் திங்களே. ஆயினும் 1920-இல் அவர் நான்காம் இடத்தைப் பெற்றார். வீடு மகிழ்ந்தது, உறவினர் வாழ்த்தினர். தேறியவரோ மகிழவில்லை.

அடுத்த ஏழு மாதங்களில் அவர் தம் தமையனார் சரத் சந்திர போஸுக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஓர் இளைஞரின் மனப் போராட்டத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் எழுத்துகள் மிகச் சிலவே. இப்பணியை ஏற்றால் நல்ல ஊதியமும், முதுமையில் ஓய்வூதியமும், உயர்ந்த நாற்காலியும் உறுதி; ஆனால் வாழ்க்கையின் முடிந்த முடிபு இதுதானா என்று அவர் கேட்கிறார். போராட்டமும் இடரும் இல்லாத வாழ்வில் பாதிச் சுவை போய்விடும் என்கிறார். ஐ.சி.எஸ். பணியில் இருந்துகொண்டே நாட்டுக்கு நன்மை செய்த ரமேஷ் சந்திர தத்தரையும், அதன் தேர்வில் தேறியும் அப்பணியில் புகாத அரவிந்தரையும் ஒப்பிட்டு, இரண்டாமவர் வழியே தமக்கு உகந்தது என்று முடிவுகட்டுகிறார். அந்நிய ஆட்சிக்கு விசுவாசம் தெரிவிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதும், நாட்டின் விடுதலையை விரும்புவதும் ஒருங்கே இயலா என்பதே அம்முடிவின் வேர்.

1921 ஏப்ரல் 22-ஆம் நாள் இந்தியா மந்திரிக்கு அவர் விலகல் கடிதம் எழுதினார். தாம் பெற்றிருந்த நூறு பவுன் உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்திவிடுவதாகவும் அதிலேயே குறிப்பிட்டார். தந்தையார்க்கு இதில் உடன்பாடு இல்லை. தாயாரோ, காந்தியடிகளின் இலட்சியத்தையே தாம் மேலாகக் கருதுவதாகத் தெரிவித்தார்.

இதுவரை சொன்னது தியாகத்தின் கதை. பாராட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால், விலகுவதற்கு முன்பே, 1921 பிப்ரவரியில், அவர் தேசபந்து சித்தரஞ்சன் தாசருக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்த்தால் மற்றொரு செய்தி தெரியவரும். உணர்ச்சி பொங்கும் கடிதமன்று அது. கல்லூரியில் பாடம் சொல்ல முடியும், பத்திரிகையில் எழுத முடியும் என்று தம்மால் இயன்ற வேலைகளை எடுத்துச் சொல்கிறார். காங்கிரசுக்கு நிலையான ஒரு கட்டடம் வேண்டும், நாட்டின் ஒவ்வொரு பிரச்சினையையும் ஆராயும் அறிஞர் குழு ஒன்று வேண்டும் என்று யோசனை கூறுகிறார். இருபத்து நான்கு வயது இளைஞர், கோஷத்தைக் கேட்கவில்லை, புள்ளிவிவரத்தைக் கேட்டார். அரசியல் என்பது அறிந்து செய்யவேண்டிய தொழில் என்ற எண்ணம் அவருக்கு அப்பொழுதே இருந்தது.

நாடு திரும்பினார், சிறை சென்றார். 1922-இல் வட வங்காளத்தை வெள்ளம் பாழ்படுத்தியபொழுது, ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் தலைமையில் நடந்த நிவாரணப் பணியில் தொண்டர்களுடன் இறங்கி உழைத்தார். பின்னர் 1924 வந்தது.

இங்கே வரலாறு ஒரு விந்தையைச் செய்தது. கல்கத்தா நகராட்சியைத் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கையில் ஒப்படைத்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்தவர் சுரேந்திரநாத் பானர்ஜி. அவரும் ஒரு காலத்தில் ஐ.சி.எஸ். அலுவலராக இருந்து, 1874-இல் பணிநீக்கம் செய்யப்பட்டவர். அச்சட்டத்தின்படி நடந்த தேர்தலில் சுயராஜ்யக் கட்சி வெற்றி பெற்றது. தேசபந்து மேயரானார், சுபாஷ் தலைமை நிர்வாக அதிகாரியானார். ஐ.சி.எஸ்.ஸிலிருந்து நீக்கப்பட்டவர் சட்டத்தை இயற்ற, ஐ.சி.எஸ்.ஸை நீத்தவர் அதை நடத்தினார். அவ்விருவரும் அரசியலில் எதிரெதிர் அணியினர். ஆயினும் ஒருவர் நட்ட மரத்துக்கு மற்றவர் நீர் வார்த்தார். இன்றும் மாநகராட்சிக் கட்டடம் சுரேந்திரநாத் பானர்ஜி சாலையில்தான் நிற்கிறது.

அப்பொழுது சுபாஷுக்கு வயது இருபத்தேழு. அப்பதவிக்குரிய ஊதியம் மாதம் 3,000 ரூபாய். அவர் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டார். நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஆட்சிப் பதவியை உதறியவர், இப்பொழுது ஆட்சிப் பதவியை ஏற்றார். அப்படியானால் அவர் வெறுத்தது நிர்வாகத்தையன்று, எசமானனைத்தான். எசமானன் மக்களானபொழுது, கோப்பும் கணக்கும் கால்வாயும் அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை.

ஏழையரில் இறைவனைக் காணும் தொண்டே நகராட்சியின் வேலை என்று மேயர் தம் முதல் உரையில் அறிவித்தார். இலவசத் தொடக்கக் கல்வி, இலவச மருத்துவம், தூய பால், நல்ல குடிநீர், நெருக்கடியான குடிசைப் பகுதிகளில் சுகாதாரம் ஆகியவை அவருடைய திட்டம். அதன்படி நகரெங்கும் பள்ளிகள் எழுந்தன. வட்டந்தோறும் சுகாதாரச் சங்கங்கள் அமைந்தன. குழந்தைகளுக்குப் பால் வழங்கும் நிலையங்கள் தோன்றின. நகராட்சி ஊழியர் கதருடுத்தினர். அதுவரை போதிய பங்கு பெறாதிருந்த முஸ்லிம்களுக்கு வேலைகளில் நியாயமான இடம் அளிக்கப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பையும் சுபாஷ் தாங்கினார்.

ஆனால் ஆறு மாதமே கழிந்தது. 1924 அக்டோபர் 25-ஆம் நாள் விடியற்காலையில் அவர் விசாரணையின்றிக் கைதுசெய்யப்பட்டார். அலிப்பூர்ச் சிறையில் இருந்தபடியே சிறிது காலம் நகராட்சிக் கோப்புகளைப் பார்த்துவந்தார். பின்னர் பர்மாவிலுள்ள மாண்டலேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1925 ஜூனில் தேசபந்து மறைந்தார். அதன்பின் நகராட்சி கட்சிப் பூசல்களின் களமாகியது. அப்பூசல்களில் சுபாஷின் பெயரும் கலந்திருந்தது. இதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

அப்படியானால் எஞ்சியது யாது? இக்கேள்விக்கு விடை தேடும்பொழுது எனக்கு வேறொரு நாட்டின் இளைஞர் நினைவுக்கு வருகிறார். பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஹோசே ரிசால், ஸ்பானிய ஆட்சியினரால் 1892-இல் தபித்தான் என்னும் தொலைவூருக்கு நாடுகடத்தப்பட்டார். மருத்துவரும் எழுத்தாளருமான அவர், அங்கே நான்காண்டுகள் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். தெருவில் விளக்கேற்ற வழிசெய்தார். 1896 டிசம்பர் 30-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் நான்கு வாரங்கூட நிறைவதற்குள், 1897 ஜனவரி 23-இல், கட்டாக்கில் சுபாஷ் பிறந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால், விடுதலை வரட்டும், பிறகு குழாய் போடலாம் என்று இருவருமே காத்திருக்கவில்லை.

அந்தத் தலைமுறையே அப்படிப்பட்டது. இராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார்; முப்பதாண்டுகளுக்குப் பின் இதே கொல்கத்தாவுக்கு, மேற்கு வங்காளத்தின் முதல் ஆளுநராக வந்தார். நேரு அலகாபாத்திலும், படேல் அகமதாபாத்திலும், இராஜேந்திர பிரசாத் பாட்னாவிலும் நகராட்சிப் பொறுப்பை ஏற்றனர். நாட்டை ஆளவிருந்தவர்கள் முதலில் சாக்கடையையும் தெருவிளக்கையும் பற்றிக் கற்றுக்கொண்டார்கள்.

எல்ஜின் சாலையிலிருந்து திரும்பும்பொழுது அவ்விளைஞர் கேட்டார்: “ஆறு மாதத்தில் பறிபோன வேலைக்காக நம்பிக்கை கொள்வதா?” நான் சொன்னேன்: “தம்பி, நம்பிக்கை என்பது பலன் உறுதி என்று தெரிந்தபின் வருவதன்று. மாண்டலேச் சிறைக்குப் போனவரையே இம்மாநகர் 1930-இல் மீண்டும் சிறையிலிருக்கும்பொழுதே மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஆறு மாத வேலையை மக்கள் மறக்கவில்லை. நீ அரசியலுக்குப் போகலாம். அரசாங்கப் பணிக்கும் போகலாம். எந்த வாயிலில் நுழைகிறாய் என்பதைவிட, யாருக்காக உழைக்கிறாய் என்பதே முக்கியம். அதைக் கடிதம் எழுதிப் பார்த்து முடிவுசெய். சுபாஷ் அப்படித்தான் செய்தார்.”

இன்று கொல்கத்தா மாநகராட்சியில் 144 வட்டங்கள் இருக்கின்றன. நம்முடைய வட்டத்தின் எண் என்ன, அதன் உறுப்பினர் யார், அங்குள்ள பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், குழாயில் எந்நேரம் நீர் வருகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அரசியலைப் பழிக்குமுன் இவற்றைத் தெரிந்துகொள்வோம். அவ்விளைஞர் விடைபெற்றுச் சென்ற மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். தம் தெருப் பள்ளியில் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டிருப்பதாகக் கூறினார். தேர்வுக்குப் படிப்பதையும் அவர் நிறுத்தவில்லை.